பழுது பார்த்த பேனா

ஒரு பொருளை நாள்தோறும் கையாளுகிறோம் என்பதனாலேயே நாம் அதனை அறிந்தவர்கள் ஆகிவிடுவதில்லை. பேனாவைப் பிடித்தே முப்பத்தைந்து ஆண்டுகள் பிழைத்தவன் நான். எத்தனையோ பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளை அதனால் திருத்தியிருக்கிறேன். ஆயினும், ஒரு பேனாவின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை என் அறுபத்து நான்காம் வயதிலேதான் கற்றுக்கொண்டேன். கற்பித்தவர் ஒரு காலத்தில் என்னிடம் தமிழ் படித்த மாணவர்.

நான் வாழும் உத்தனப்பள்ளி, ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர். கர்நாடக எல்லைக்கு அண்மையில் இருப்பதால் எங்கள் தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும். விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் இராயக்கோட்டைச் சந்தையை நோக்கிப் போகும். அவற்றுக்கு எதிரே, தொழிலாளரை ஏற்றிய பேருந்துகள் ஓசூரை நோக்கி வரும். உழவும் ஆலையும் ஒரே சாலையில் ஒன்றையொன்று கடந்து செல்லும் ஊர் இது.

என்னிடம் ஒரு பழைய மைப்பேனா இருந்தது. நான் புலவர் பட்டத்திற்குப் பயின்றபோது எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் அதனைத் தந்தார். கருநிற உடல், பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல், பொன் முலாம் தேய்ந்த வளையம். இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அவர் இளமையில் தம் முதல் ஊதியத்தில் அதனை வாங்கினாராம். நான் பணியில் சேர்ந்த நாளில் அவர் அதனை என் சட்டைப்பையில் செருகி, "எழுதிக்கொண்டே இரு, காயவிடாதே" என்று கூறினார். பேனாவைக் குறித்துக் கூறினாரோ, என்னைக் குறித்துக் கூறினாரோ, அன்று எனக்கு விளங்கவில்லை.

சில ஆண்டுகள் அதனால் எழுதினேன். பிறகு பந்துமுனைப் பேனா மலிவாகக் கிடைத்தது. மை ஊற்ற வேண்டா, கையில் கறை படாது என்ற எண்ணத்தால் அதற்கு மாறினேன். ஆசிரியர் தந்த பேனாவை மையோடு அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் கடந்தன. ஆசிரியரும் மறைந்தார்.

அவருடைய நூற்றாண்டு நிறைவை அவரிடம் பயின்றோர் சிலர் கூடிக் கொண்டாட எண்ணினர். அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் படிக்குமாறு என்னைக் கேட்டனர். அதனை அவர் பேனாவினாலேயே எழுத வேண்டும் என்று விரும்பிப் பெட்டியைத் திறந்தேன். பேனாவின் முள் மையின் கசடு படிந்து இறுகியிருந்தது. நெம்புகோல் அசையவே இல்லை. பேனாவைக் குலுக்கினால் உள்ளே ஏதோ உடைந்த சருகு போல ஒலித்தது. விழாவிற்கு இன்னும் இரண்டு திங்களே இருந்தன.

நகரத்துக் கடை ஒன்றில் காட்டினேன். கடைக்காரர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் சீர் செய்யும் செலவில் புதுப் பேனாவே வாங்கிக்கொள்ளலாம்" என்றார். அவர் கூறியதில் பிழையில்லை. ஆனால், நான் வேண்டியது எழுதும் கருவி மட்டும் அன்றே! மனம் சோர்ந்து வீடு திரும்பினேன். "இலக்கணச் சூத்திரங்களையே பிரித்துப் பொருள் கண்ட நமக்கு ஒரு பேனாவைப் பிரிப்பது அரிதோ?" என்னும் செருக்கு எழுந்தது. நானே பழுது பார்க்கத் துணிந்தேன்.

உறைந்த மை கரையட்டும் என்று கொதிக்கும் வெந்நீரில் பேனாவை முழுவதும் அமிழ்த்தினேன். சிறிது நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது என் நெஞ்சு திடுக்கிட்டது. நாவற்பழம் போல் கறுத்து மின்னிய உடல் சாணம் காய்ந்தாற்போன்ற பழுப்பு நிறமாய் மாறியிருந்தது. பதற்றத்தில் குறட்டை எடுத்துக் கழுத்தைப் பற்றித் திருகினேன். கழுத்து அசையவில்லை, குறட்டின் பல் பதிந்து உடலில் ஒரு கீறல் விழுந்தது. அதற்கு மேல் தொட அஞ்சிப் பேனாவை ஒரு துணியில் சுற்றி வைத்தேன்.

அவ்வாரத்து ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவிலேயே வாழும் என் பழைய மாணவர் ஒருவர் ஏதோ ஒரு விண்ணப்பத்தைத் திருத்தித் தருமாறு கேட்டு வந்தார். அவர் வீட்டு மொழி தெலுங்கு. 1984-ஆம் ஆண்டு டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடித் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைத்தது. அதன்பின், நுண்ணிய உறுப்புகளைக் கையாளும் தொழில் இவ்வட்டாரத்து இளைஞர் பலருக்குக் கைவந்தது. இவரும் அத்தொழில் கற்றவரே. மேசைமேல் இருந்த பேனாவைக் கண்டு, "எடுத்துப் பார்க்கலாமா, ஐயா?" என்று கேட்டார். நடந்ததைக் கூறினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, இதைத் திறப்பதற்கு முன், இது எப்படி மூடப்பட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வி என்னைச் சுட்டது. நான் மாணவனாய் இருந்தபோது பழைய ஓலைச்சுவடிகளைக் கையாளும் முறையை என் ஆசிரியர் எனக்குக் கற்பித்திருந்தார். கட்டை அவிழ்க்குமுன் கயிறு எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒட்டிய ஏடுகளை இழுத்துப் பிரிக்கலாகாது. எலுமிச்சம்புல் எண்ணெயைத் தடவிக் காத்திருக்க வேண்டும். 1887-ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை போன்ற பெரியோர், தொட்டால் நொறுங்கும் ஏடுகளை இப்பொறுமையால் அன்றோ காத்தனர்! வகுப்பில் நான் பலமுறை சொன்ன செய்திதான் இது. ஓலையைக் கண்டபோது நினைவில் நின்ற பாடம், பேனாவைக் கண்டபோது மறந்துபோயிற்று.

"தம்பி, எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பேனாவின் உடல் எபோனைட் என்னும் கடின ரப்பரால் ஆனது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதியாக்கும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் ரப்பர் கொம்பு போல் இறுகும்; அதுவே எபோனைட். ஆண்டுக்கணக்கில் ஒளியும் காற்றும் பட்ட எபோனைட், வெந்நீரில் இட்டால் நிறம் மாறிவிடும். நான் செய்த பிழை இதுவே. தண்ணீரில் ஊறவைத்தாலே உறைந்த மை மெல்ல மெல்லக் கரையும். வேண்டுவது வெப்பம் அன்று, நேரமே.

நெம்புகோலால் மை நிரப்பும் முறைக்கு ஷீஃபர் என்னும் அமெரிக்கப் பொற்கடைக்காரர் 1908-இல் காப்புரிமை பெற்றார். பேனாவின் உள்ளே மெல்லிய ரப்பர் பை ஒன்று உண்டு. நெம்புகோலைத் தூக்கினால் ஓர் உலோகத் தகடு அப்பையை அழுத்தும். உள்ளிருக்கும் காற்று வெளியேறும். முள்ளை மைக்குள் வைத்து நெம்புகோலை விட்டால், பை விரிந்து மையை உறிஞ்சிக்கொள்ளும். முள்ளின் அடியில் நாக்குப் போன்ற கட்டை ஒன்று இருக்கிறது. அதில் உள்ள நுண்ணிய வாய்க்கால் வழியே மை வெளிவரும்போது, அதே அளவு காற்று உள்ளே செல்ல வேண்டும். காற்று புகாவிட்டால் எழுத்து நின்றுவிடும். மிகுதியாகப் புகுந்தால் மை கொட்டிவிடும். இவ்வளவு பெரிய வாணிகம் இச்சிறு நாக்கினுள் நடப்பதை அறியாமலே நான் ஆயிரம் பக்கங்கள் எழுதியிருக்கிறேன்!

முதல் ஞாயிறு முழுவதும் கழுத்தைக் கழற்றுவதிலேயே கழிந்தது. தலைமுடி உலர்த்தும் கருவியின் வறண்ட காற்றைக் கழுத்தின்மேல் செலுத்தினோம். கையால் பிடிக்கக்கூடிய சூட்டிற்கு மேல் போகாதவாறு அவர் அடிக்கடி தொட்டுப் பார்த்தார். பழைய அரக்குப் பிடி சற்று இளகியதும், குறடு இல்லாமல் விரலாலேயே அசைக்கச் சொன்னார். வரவில்லை. மீண்டும் சூடு, மீண்டும் அசைவு. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, கழுத்து மெல்லத் திரும்பி என் கையோடு வந்தது. உள்ளிருந்து கருகிய சருகு போல ரப்பர்ப் பையின் துண்டுகள் உதிர்ந்தன. முப்பது ஆண்டுகள் நான் காயவிட்ட மை அத்துண்டுகளில் படிந்திருந்தது. ஆசிரியர் கூறிய சொல் அப்போது என் காதில் ஒலித்தது.

புதுப் பையை அவர் வரவழைத்துத் தந்தார். அதனைக் கழுத்தோடு ஒட்டுவதற்கு அரக்கே ஏற்றது. மரத்தில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பொருள் அது. ஸ்பிரிட்டில் கரைத்துத் தச்சர்கள் மரச்சாமான்களுக்கு மெருகேற்றுவர். பாரதத்தில் வரும் அரக்கு மாளிகையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியவன் நான். அரக்கைக் கையால் தொட்டது அன்றுதான். சூடு பட்டால் இளகும் அதன் இயல்பினாலேதான், நாளை வேறொருவர் இப்பேனாவைப் பழுது பார்க்க விரும்பினாலும் எளிதில் பிரிக்க முடியும். வலிய பசைகளால் ஒட்டினால் அடுத்தவருக்கு வழி அடைபட்டுவிடும்.

பையை அளந்து வெட்டும் வேலையை என்னிடமே விட்டார். "சற்று நீளமாய் இருந்தால் மை மிகுதியாகக் கொள்ளுமே" என்று எண்ணி நீளமாக வெட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிரப்பிப் பார்த்தபோது பை உள்ளே மடங்கிக்கொண்டது. நாலைந்து துளி மையே ஏறியது. மாணவர் ஒன்றும் சொல்லாமல் மற்றொரு பையை எடுத்துத் தந்தார். இம்முறை அளந்து வெட்டி, அரக்கிட்டு ஒட்டி, பை உடலோடு உராயாதிருக்க மாக்கல் தூள் தூவி, ஒரு நாள் முழுதும் உலரவிட்டேன்.

மூன்றாம் ஞாயிறு முள்ளைச் சீர் செய்ய அமர்ந்தோம். அவர் தம் தொழிலுக்குரிய உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கண்ணில் பொருத்தினார். முள்ளின் நுனி இடப்புறமாகச் சாய்ந்து தேய்ந்திருப்பதைக் கண்டேன். "இதைத் தேய்த்துச் சமமாக்கலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டா, ஐயா. இது பழுது அன்று. எழுதியவர் கை பேனாவைப் பிடித்த சாய்வு இது. மிகக் கடினமான உலோகம். இவ்வளவு தேய வேண்டுமானால் அவர் எவ்வளவு எழுதியிருக்க வேண்டும்!" என்றார் அவர்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. அந்தச் சாய்வில் பிடித்தால்தான் அப்பேனா தடையின்றி எழுதும். என் வழக்கத்தை விட்டு என் ஆசிரியரின் கையைப் போல என் கையைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

மை நிரப்பினோம். நெம்புகோல் தன்னிடத்தில் இருந்து எழுந்து மெல்லத் திரும்பியது. "முதலில் நீ எழுது, தம்பி" என்று தாளை அவர்பால் நகர்த்தினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என் கையெழுத்து நன்றாய் இராது, ஐயா. நீங்களே எழுதுங்கள்" என்றார்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவர் ஏழாம் வகுப்பில் படித்தபோது, அவருடைய ஏட்டை உயர்த்திக் காட்டி, "கோழி கிளறிய குப்பை" என்று நான் சொன்னேன். வகுப்பே சிரித்தது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை எத்தனை முயன்று அவ்வெழுத்துகளை எழுதியிருப்பான் என்று நான் எண்ணவில்லை. அந்தச் சொல்லை நான் அன்றே மறந்தேன். அவர் அதனை முப்பது ஆண்டுகள் சுமந்திருக்கிறார். என் பிழைகளைக் கண்டு இந்த மூன்று வாரங்களில் ஒருமுறையேனும் அவர் என்னை இகழவில்லை.

"அன்று நான் சொன்னது தவறு, தம்பி" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை வாங்கி, மெல்லச் சாய்த்துப் பிடித்து, தாளில் ஓர் 'அ' எழுதினார். மை தடையின்றி ஓடிற்று. கடிகாரத்தின் உறுப்புகளைப் பொருத்திப் பழகிய அக்கை எழுதிய எழுத்து, திருத்தமாகவே இருந்தது.

இன்றும் பேனாவைக் கையால் கடைந்து செய்வோர் நம் நாட்டில் உண்டு. திருவள்ளூரில் ரங்கா என்னும் பெயரில் எபோனைட் பேனாக்களைக் கடைகிறார்கள். ஆந்திரத்தின் இராஜமுந்திரியில் 1932-இல் தொடங்கிய இரத்தினம் பேனாவைப் பாராட்டிக் காந்தியடிகள் 1935-இல் கடிதம் எழுதினார். புதிதாய்ச் செய்யும் கைகளைப் போலவே, பழுது பார்க்கும் கைகளும் போற்றத்தக்கவை என்பதை இப்போது நான் உணர்கிறேன்.

விழாக் கட்டுரையை அப்பேனாவினாலேயே எழுதி முடித்தேன். அதன் உடல் இன்றும் பழுப்பு நிறமாகவே இருக்கிறது. குறட்டின் கீறலும் அப்படியே உள்ளது. கறுப்புச் சாயம் ஏற்றி அவற்றை மறைக்கலாம் என்று மாணவர் கூறினார். நான் இசையவில்லை. தேய்ந்த முள் என் ஆசிரியரின் உழைப்பைக் காட்டுகிறது. நிறம் மாறிய உடல் என் அவசரத்தைக் காட்டுகிறது. எழுத அமரும்போதெல்லாம் இரண்டையும் பார்க்கிறேன். எழுதி முடித்ததும் மறவாமல் மூடிவைக்கிறேன். வாரம் ஒருமுறை தண்ணீரில் கழுவி, புது மை நிரப்புகிறேன். இப்போது அது காய்வதில்லை.