வைகை வழியே வடதுருவம்

துருவக் கடல்களுக்குச் சுற்றுலாக் கப்பல் விடுகிறவர்களின் விளம்பரம் இப்போது நம் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்கிறது. அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கப்பலேறினால் டிரேக் நீரிணையை இரண்டு நாளில் கடந்து பென்குயின்களைப் பார்க்கலாம். நார்வேக்குச் சொந்தமான சுவால்பார்டு தீவுகளுக்குப் போனால் வெள்ளைக்கரடி, வால்ரஸ், கடலில் சரிந்து விழும் பனிப்பாறை. ஆளுக்குப் பல லட்சம் கட்டணம். வாடிப்பட்டியில் அந்தப் பணத்துக்கு ஒரு கல்யாணத்தையே முடித்துவிடலாம். வசதி உள்ளவர்கள் போய் வரட்டும், பொறாமையெல்லாம் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. துருவத்து உயிர்கள் சில, டிக்கெட் எதுவும் எடுக்காமல் ஆண்டுதோறும் நம் பக்கம் வந்து இறங்குகின்றன. அவற்றைப் பார்க்க வைகையைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் போதும்.

வைகை 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு. ஓடும் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. வருடத்தில் பல மாதம் அது மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். வருசநாட்டு மலைகளில் தொடங்கி, ஆண்டிபட்டிக்கு அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்குகிறது. 71 அடி என்பது அணையின் முழுக் கொள்ளளவு மட்டம். மதுரைக்காரர்கள் காலைப் பத்திரிகையில் தங்கம் விலைக்கு அடுத்தபடியாகப் பார்க்கும் எண் அது. தேங்குவதில் பெரும்பங்கு வைகையின் சொந்த நீரும் அல்ல. மேற்கே கேரளத்துக் கடலுக்குப் போகவிருந்த பெரியாற்றை 1895இல் பென்னிகுயிக் அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் பிரியும் இடம் பேரணை. அங்கிருந்து புறப்படும் பெரியாறு பிரதானக் கால்வாய் சிறுமலை அடிவாரத்தை ஒட்டி வாடிப்பட்டி வயல்களுக்கு நீர் கொடுத்துவிட்டு, அழகர்மலை அடிவாரத்துக் கள்ளந்திரி நோக்கிப் போகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோக நிலம். ஷட்டர் திறந்தது என்ற செய்தி வந்துவிட்டால் ஊரில் டிராக்டர் கிடைக்காது.

இரண்டாம் போகத்துக்கு உழுது தொளியடித்துப் போட்ட வயலில், ஐப்பசி மழைக்கு நடுவே, வரப்போரமாக நின்று பாருங்கள். கொக்கும் மடையானும் எப்போதும் இருப்பவை. அவற்றுக்கு நடுவே வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடும் மஞ்சள் வாலாட்டிகள் இருக்கும். வெளியூரிலிருந்து வருகிற பறவை என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வெளியூர் என்று கேட்டால் இமயமலை என்பார்கள். தலை கருஞ்சாம்பலாக இருக்கும் வகை இமயத்தையும் தாண்டி, ஸ்காண்டிநேவியாவின் வடகோடியிலும் சைபீரியாவிலும் கூடு கட்டுவது. சேற்றில் தனியாக நின்று, நெருங்கினால் கீச்சென்று கத்திக்கொண்டு எழும் பொறி உள்ளானும் அந்தப் பக்கத்து ஆள்தான். ஆர்க்டிக் வட்டத்துக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் உள்ள சதுப்புகளில் பிறந்தது, வாடிப்பட்டித் தொளியில் புழு தின்கிறது. நாற்று நடுகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுவும் அவர்களைச் சட்டை செய்வதில்லை.

பேரணைக்குக் கீழே ஆறு சோழவந்தான் தென்னந்தோப்புகளையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் ஒட்டிப் போகிறது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்துத் திருவேடகம். சம்பந்தர் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து வந்து ஒதுங்கிய இடம் என்று தலபுராணம் சொல்லும்.

மதுரையைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். அழகர் இறங்கும் நாளைத் தவிர்த்து மற்ற நாளில் ஆற்றுக்குள் இறங்க யாருக்கும் மனம் வராத அளவுக்கு அதைச் சாக்கடையாக்கி வைத்திருக்கிறோம். ஊருக்குத் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாய்தான் ஆறுதல். தண்ணீர் வற்றி ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கும் மாதங்களில் அங்கே கொசு உள்ளான் கூட்டம் இறங்கும். பெயருக்கேற்ற உருவம்: சிட்டுக்குருவி அளவுதான், எடை சுமார் 25 கிராம். அது முட்டையிடுவது மரமே முளைக்காத தூந்திரச் சமவெளியில். கீழே மண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்க, மேலே ஒரு சாண் மட்டும் ஜூன், ஜூலையில் இளகும் நிலம் அது. கப்பல் பயணிகள் கம்பளிச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக இறங்கி நடப்பதும் இதே மாதிரி நிலத்தில்தான்.

விரகனூர் மதகணை, திருப்புவனம், மானாமதுரை, பார்த்திபனூர் மதகணை, பரமக்குடி. வைகை இனி கண்மாய்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டே மெலிகிறது. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஆறு முடிந்துவிடும், மிஞ்சினால்தான் கடலுக்கு என்பது பழைய பேச்சு. அந்தப் பக்கத்துக் கண்மாய்களை உலகம் இப்போது கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் சேர்ந்தன. மடையும் மறுகாலும் வெட்டி வைத்த பழைய சேதுநாட்டு விவசாயிகள் பறவைக்காக எதையும் செய்யவில்லை. தண்ணீரை நிறுத்தினார்கள், பறவை வந்தது.

மிஞ்சிய நீர் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. பக்கத்து ஊர் அழகன்குளம். அங்கே தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ரோமானிய மட்கலங்கள் கிடைத்தன. கப்பல் உருவம் கீறிய ஒரு பானை ஓடும் கிடைத்தது. தொலைதூரத்துக் கப்பல் இந்த முகத்துவாரத்துக்குப் புதிதல்ல.

இங்கிருந்து கிழக்கே பிள்ளைமடம் காயல், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி வரை கடலோரச் சேறும் மணல்திட்டும் நீள்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் போனால் உண்மையான துருவக் கூட்டத்தைப் பார்க்கலாம். பூநாரைதான் முதலில் கண்ணில் படும். அதற்குத்தான் கூட்டமும் சேரும். அதன் காலடியில் ஓடுகிற சாம்பல் நிறப் பொடிசுகளைப் பாருங்கள் என்பேன். கல்லைப் புரட்டிப் பூச்சி தேடுவது கல்திருப்பி உள்ளான். தனியாக நின்று முறைப்பது சாம்பல் நிற உப்புக்கொத்தி. நுனியில் கீழ்நோக்கி வளைந்த அலகைத் தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டே நகர்வது வளைந்த அலகு உள்ளான். மூன்றுமே ஆர்க்டிக்கில் பிறந்தவை.

கடைசியாகச் சொன்ன பறவையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கூடு கட்டுவது வட சைபீரியாவில், தைமிர் தீபகற்பமும் அதன் சுற்றுப்புறமும். மண்டபத்திலிருந்து நேர்கோட்டில் 7,000 கிலோமீட்டருக்கு மேல். எடையோ 60 கிராம் போல. ஆண் பறவை அடைகாக்காது. இணை சேர்ந்த கையோடு தெற்கே கிளம்பிவிடும். குஞ்சு பொரித்த நாளிலேயே தானாக இரை தேடும். தாயும் முன்னால் போய்விட, அந்த ஆண்டுக் குஞ்சுகள் வழிகாட்டி யாரும் இல்லாமல் பின்னால் வருகின்றன. எத்தனை குஞ்சு தப்பும் என்பதை முடிவு செய்வது லெமிங் என்ற எலி. லெமிங் பெருகிய வருடத்தில் துருவ நரியும் ஸ்குவா என்ற கடற்பறவையும் அதைத் தின்று திருப்தியாக இருக்கும். லெமிங் குறைந்த வருடத்தில் அவற்றின் பார்வை குஞ்சுகள் மேல் திரும்பும். ஆக, பிள்ளைமடத்துச் சேற்றில் இளம் பறவை எத்தனை நிற்கும் என்பதைச் சைபீரிய எலிகள் நிர்ணயிக்கின்றன.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த எஸ். பாலச்சந்திரன் 1980களிலிருந்து மண்டபம் பகுதியில் இப்பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, பறக்கவிட்டு ஆராய்ந்தவர். மன்னார் வளைகுடாக் கரைப்பறவைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த உழைப்பில் வந்தது. முதல் வருட இளம் பறவைகள் பல கோடையிலும் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவதுண்டு. பெரியவைகூட தூந்திரத்தில் இருப்பது இரண்டு மாதம் போலத்தான். வருடத்தின் பெரும்பகுதி நம் சேற்றில். ரேஷன் கார்டு கொடுப்பதானால் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் கொடுக்க வேண்டும். லட்சங்கள் கட்டிக் கப்பலேறுகிறவர் பார்ப்பது அவற்றின் பிரசவ அறையை மட்டும். அவை வாழ்வது இங்கே.

தென்துருவத்துக்கும் இந்தக் கடலில் பங்கு உண்டு. அண்டார்டிகாவில் கூடு கட்டும் வில்சன் புயல்பறவை, அங்கே கடுங்குளிர் இறுகும் மாதங்களில் வடக்கே வந்து, தென்னிந்திய, இலங்கைக் கடல்களில் அலையை மிதிப்பதுபோல் தாழப் பறக்கும். கரைக்கு வருவது அபூர்வம். அதைப் பார்க்கும் யோகம் ஆழ்கடல் மீனவர்களுக்கு.

2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சிவப்புப் பட்டியலைத் திருத்தியபோது சாம்பல் நிற உப்புக்கொத்தியையும் வளைந்த அலகு உள்ளானையும் அழிய வாய்ப்புள்ள இனங்களில் வைத்தது. கல்திருப்பியையும் ஒரு படி கீழே இறக்கியது. 2025இல் தமிழக அரசு தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது நல்ல செய்தி. பெயர் பூநாரைக்குப் போனாலும் பலன் உள்ளானுக்கும் கிடைக்கும்.

பலகை வைத்தால் மட்டும் போதாது என்பதற்குக் கப்பல்காரர்களே சாட்சி. அண்டார்டிகாவில் சுற்றுலாக் கப்பலிலிருந்து ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் ஒரே இடத்தில் கரையிறங்கக் கூடாது. பென்குயினுக்கு 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சுவால்பார்டில் 2025 முதல் வெள்ளைக்கரடியை 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். கரடிக்கு அங்கே கிடைக்கும் மரியாதையில் நூறில் ஒரு பங்கு உள்ளானுக்கு இங்கே இல்லை. தனுஷ்கோடியில் கூட்டம் உட்கார்ந்திருந்தால் ஓடிப்போய்க் கலைத்து ரீல்ஸ் எடுக்கிறோம். பங்குனி, சித்திரையில் வளைந்த அலகு உள்ளான்கள் நெஞ்சும் வயிறும் செங்கல் நிறமாக மாறி, 7,000 கிலோமீட்டர் பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது.

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ், அங்கிருந்து ராமேசுவரம் பாசஞ்சர் ரயில். உச்சிப்புளியிலோ மண்டபத்திலோ இறங்கிக்கொள்ளலாம். ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. காலையில் போங்கள், தள்ளியே நில்லுங்கள், கூட வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். வளைந்த அலகு உள்ளானைச் சாம்பல் உடுப்பில் பார்க்கக் கார்த்திகை முதல் மாசி வரை சரியான காலம். சிவப்பு உடுப்பில் பார்க்க ஏப்ரல் நடுவுக்குள் போக வேண்டும். மே மாதம் வளர்ந்த பறவைகளில் பெரும்பாலானவை கிளம்பியிருக்கும்.