தராசு காட்டாததை அம்மாவின் இன்ச் டேப் காட்டியது!

எங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டாமல் நாலு எட்டு நடக்க மாட்டார்கள். என் அப்பா மட்டும் விதிவிலக்கு. கல்யாண வீடோ, கோயில் கொடையோ, கணுக்கால் வரை இறக்கிவிட்ட வேட்டிதான். வாழைத் தோட்டத்துக்குப் போவதென்றால் பழைய பேன்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

காரணம், அவருடைய இடது தொடை. இளவட்டமாக இருந்தபோது ஊர்க் கபடியில் அவர் முழங்கால் பிசகியது. கட்டுப் போட்டு மூன்று மாதம் படுத்திருந்தார். வலி போய்விட்டது. ஆனால், படுக்கையில் போன தொடைச் சதை திரும்ப வரவே இல்லை. வலது தொடையில் பாதிதான் இடது தொடை என்று சொல்லலாம். `எல்லாருக்கும் அப்படித்தாம்ல ஆவும்' என்று அதைப் பற்றிப் பேச்செடுக்கவே விட மாட்டார்.

அதே படுக்கை எனக்கும் காத்திருந்தது.

ஹார்லிக்ஸ், மக்ரூன், அல்வா

2025 ஜனவரி. பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். திருச்செந்தூர் சாலையில் ராத்திரி பைக்கில் வரும்போது குறுக்கே எருமை வந்துவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு இரண்டாக முறிந்தது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்து உள்ளே ராடு வைத்தார்கள். அன்றைக்கு என் எடை 76 கிலோ.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பமானது உபசாரம். எங்கள் ஊரில் கால் உடைந்தவனைப் பார்க்க வெறுங்கையோடு வர மாட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தம் அல்வாவோடு வந்தது. தூத்துக்குடி அத்தை மக்ரூன் டப்பாவோடு வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டில், ஆச்சி தன் பங்குக்கு உடன்குடிக் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, வந்ததையெல்லாம் முடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் கடைசியில் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றபோது எடை 84 கிலோ. `என்னல, கால் ஒடஞ்சவன் மாதிரியா இருக்க? மாசமா இருக்கவ மாதிரில்லா இருக்க!' என்று அத்தை சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அன்று இரவு சாப்பாட்டை வேண்டாம் என்றேன்.

நானே எழுதிய தலைப்பு

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இணையப் பிரிவில் வேலை பார்ப்பவன். முன்பு இருந்த இடத்தில் `ஒரே மாதத்தில் 5 கிலோ... இதைச் செய்தால் போதும்!' என்கிற ரகத் தலைப்புகளை வாரத்துக்கு இரண்டாவது எழுதியிருப்பேன். அவை நன்றாகவே ஓடும். இப்போது அந்தத் தலைப்பின் வாசகனாக நானே மாறினேன்.

காலையில் பிளாக் காபி. மதியம் ஒரு கிண்ணம் கஞ்சி, கூடவே வெள்ளரிக்காய். ராத்திரி ஒன்றுமில்லை. அம்மா கொண்டுவந்து வைக்கும் மீனைப் பூனைக்குப் போட்டேன். ஆறு வாரத்தில் 77 கிலோ! அத்தைக்கு போட்டோ அனுப்பினேன்.

மே மாதம் எக்ஸ்ரே எடுத்தபோது டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நான்காவது மாதத்தில் எலும்பு கூடியிருக்க வேண்டிய அளவுக்குக் கூடவில்லை. `சிகரெட் பழக்கம் உண்டா?' என்றார். இல்லை. `சுகர்?' இல்லை. `சரியா சாப்பிடுறீங்களா?' அம்மா என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

எலும்பு கூடத் தாமதமாவதற்குப் பல காரணங்கள் உண்டு. பட்டினி மட்டுமே காரணம் என்று டாக்டரும் சொல்லவில்லை. `ஆனா, வீடு கட்டுற நேரத்துல செங்கல் லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க' என்றார். பிசியோதெரபிக்கும் உணவு ஆலோசனைக்கும் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

`அதுக்கு எல்லாமே கிலோதான் தம்பி'

பிசியோதெரபிஸ்ட் அக்கா என் எடையைக் கேட்கவே இல்லை. `வீட்டுல இன்ச் டேப் இருக்கா?' என்றார். அம்மா பிளவுஸ் தைப்பவர். டேப் எப்போதும் அவர் கழுத்தில்தான் கிடக்கும். இரண்டு தொடைகளையும் முழங்காலிலிருந்து ஒரே உயரத்தில் அளந்தார். இடது 22 இன்ச். வலது 19. அடுத்து இடுப்பு. விபத்துக்கு முன்பு 33 இன்ச் பேன்ட் போட்டவனுக்கு இப்போது 36.

எடை கிட்டத்தட்ட பழைய எடைதான். ஆனால், தொடையில் இருக்க வேண்டியது வயிற்றில் இருந்தது.

`தராசுக்குக் கொழுப்பும் தெரியாது, சதையும் தெரியாது. அதுக்கு எல்லாமே கிலோதான் தம்பி. நீங்க குறைச்சது பாதி கொழுப்புன்னா, மீதி எழுந்து நடக்கத் தேவையான சதை' என்றார்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். பயன்படுத்தாத தசையை உடம்பு வீணாகப் பராமரிக்காது. படுத்த முதல் சில நாள்களிலேயே அது கரையத் தொடங்கிவிடும். இன்னொரு பக்கம், காயத்தை ஆற்றவும் எலும்பைச் சேர்க்கவும் உடம்புக்கு வழக்கத்தைவிட அதிக சக்தியும் புரதமும் வேண்டும். சாப்பாட்டில் அது வராவிட்டால், இருக்கிற தசையையே உடைத்து எடுத்துக்கொள்ளும். அசையாமல் படுத்திருப்பது ஒரு அடி, பட்டினி அடுத்த அடி. இரண்டையும் நான் ஒன்றாகக் கொடுத்திருக்கிறேன்.

அருகில் நின்றிருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. வேட்டியின் முனையைச் சரிசெய்துகொண்டார்.

சாளை மீன் வைத்தியம்

ஆரோக்கியமான ஒருவருக்குத் தினமும் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டின் ஐ.சி.எம்.ஆர் பரிந்துரை. அடிபட்டுத் தேறுபவர்களுக்கு இது போதாது. உணவு ஆலோசகர் எனக்குக் கொடுத்த கணக்கு, ஒரு நாளைக்கு சுமார் 110 கிராம். இது என் கணக்குதான். சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது.

110 கிராம் என்றதும் புரோட்டீன் பவுடர் டப்பாதான் என் நினைவுக்கு வந்தது. `கடற்கரைக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு டப்பாவா?' என்று ஆலோசகர் சிரித்தார். காலையில் மூன்று முட்டை, 18 கிராம். மதியம் சாளை மீன் 150 கிராம், அதில் 30 கிராம். வண்டியில் மீன் கொண்டுவருபவரிடம் சீலா, பாறையைவிட எப்போதும் விலை மலிவு சாளைதான். மாலையில் ஒரு கப் பாசிப்பயறுச் சுண்டல், 14 கிராம். பாலும் தயிருமாக அரை லிட்டர், 16 கிராம். கைப்பிடி வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் சேர்த்து 12 கிராம். மீதி இட்லி, சோறு, சாம்பாரிலேயே வந்துவிடும். ஒரே வேளையில் அள்ளிப்போடாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரிக்கச் சொன்னார்.

குறைக்க வேண்டியதையும் சொன்னார். ஹார்லிக்ஸில் அள்ளிப்போட்ட சர்க்கரை, மக்ரூன், அல்வா, மிக்சர், மதியம் இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும் சோறு. பசியோடு எழுந்த நாளே கிடையாது. `எலும்பு நல்லா கூடட்டும். அதுவரைக்கும் கொழுப்பு மெதுவாவே போகட்டும், அவசரமில்ல' என்பதுதான் அவர் போட்ட முதல் விதி.

ஆச்சிக்கு மட்டும் வருத்தம். அவர் நம்பிக்கை முழுவதும் ஆட்டுக்கால் சூப்பில். சூப்பை நிறுத்த வேண்டாம், அதை மட்டுமே நம்ப வேண்டாம் என்று சமரசம் செய்தோம். சாறு தெளிவாக இருந்தால் அதில் புரதம் குறைவு. கறியையும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் கணக்கில் வரும்.

உடையாத காலுக்கும் பயிற்சி

சாப்பாடு மட்டும் போட்டால் சதை வந்துவிடாது. தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். முதல் பயிற்சியைப் பார்த்தால் சிரிப்பு வரும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைத் தொடையால் அழுத்தி ஐந்து விநாடி பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். பத்தாவது முறை தொடை நடுங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு காலை நீட்டியபடி தூக்குவது, ரப்பர் பேண்டை இழுப்பது, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று வளர்ந்தது.

எனக்கு ஆச்சர்யமாக இருந்தது ஒன்று. நன்றாக இருக்கும் இடது காலுக்கும் கடுமையான பயிற்சி கொடுத்தார். ஒரு பக்கத்துக்குப் பயிற்சி கொடுத்தால், மூளை நரம்பு வழியாக மறுபக்கத்தின் பலமும் ஓரளவு காப்பாற்றப்படுமாம். நான்கு மாதம் அந்தக் காலையும் சும்மா போட்டிருந்தேனே என்று நொந்துகொண்டேன்.

காயம் முழுக்க ஆறி, டாக்டர் அனுமதித்த பிறகு தாமிரபரணியில் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் உடம்பின் பாரம் பாதியாகிவிடும். கரையில் நொண்டி நடந்தவன் தண்ணீருக்குள் நேராக நடந்தேன். அப்பா பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, கையை விட்டுவிட்டு அவரும் சேர்ந்து நடந்தார்.

திருவோட்டுக்காய் இல்லை, தொடை

அக்டோபரில் `பைசன்' படம் வந்தது. எங்கள் மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பி, 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி, எங்கள் பக்கத்துக்காரர் மாரி செல்வராஜ் எடுத்த படம். நாயகன் துருவ் விக்ரமின் அப்பா விக்ரமும் கல்லூரி நாளில் பைக் விபத்தில் கால் சிதைந்து, பல ஆபரேஷன்களைத் தாண்டி எழுந்து வந்தவர்தான்.

தியேட்டரிலிருந்து வரும்போது அப்பாவிடம் அதைச் சொன்னேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்: `ஏல, இந்த வயசுக்கு மேல சூம்பின தொடையில சதை ஏறுமா?'

அப்பாவுக்கு 55 வயது. அக்காவிடம் கேட்டேன். `வாலிபன் மாதிரி ஏறாது. ஆனா எந்த வயசுலயும் தசை பயிற்சிக்குப் பதில் சொல்லும்' என்றார். மறுநாள் காலையில் என் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

இந்தப் பொங்கலோடு ஒரு வருடமாகிறது. எலும்பு கூடிவிட்டது. என் எடை இப்போது 79 கிலோ. பட்டினி கிடந்த நாளைவிட இரண்டு கிலோ அதிகம். ஆனால், இடுப்பு 34. வலது தொடை 21 இன்ச். இன்னும் ஒரு இன்ச் பாக்கி. அதுவரை கபடிக் களத்தில் இறங்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. இந்த வருடப் பொங்கல் போட்டியில் ஸ்கோர் எழுதினேன்.

எடை குறைப்பு பற்றி இப்போதும் செய்தி எழுதுகிறேன். தலைப்பில் `கிலோ' போடும் முன்பு, எதில் குறைகிறது என்ற கேள்விக்கு உள்ளே பதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவின் இடது தொடை முக்கால் இன்ச் ஏறியிருக்கிறது. அவர் இன்னும் வேட்டியை மடித்துக் கட்டவில்லை. ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தையல் மெஷினில் உட்காரும் முன்பே, `அந்த டேப்ப எங்கட்டி வச்ச?' என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்.