சில்லு வைத்த வீடு

சூரிச்சில் லிம்மாத் ஆற்றங்கரையில் மச்சான் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டினான். தச்சர்களின் சங்க வீடு. 1336இல் அந்த நகரத்துக் கைவினைஞர்கள் சங்கங்களாகத் திரண்டு ஆட்சியில் பங்கு வாங்கியவர்கள். 2007இல் வீடு எரிந்தது, திருப்பிக் கட்டிவிட்டார்கள். உள்ளே போனால் உணவகம். உளிச்சத்தத்துக்குப் பதில் முள்ளுக்கரண்டிச் சத்தம்.

"இப்பிடி ஒண்டு எங்கட ஊரில ஏன் இல்லை?" என்றான்.

அந்தக் கேள்வியோடுதான் யாழ்ப்பாணத்து உடுவிலுக்கு வந்தேன். 1824இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய மகளிர் கல்லூரி இங்கே இருக்கிறது. ஆனால் கைத்தொழிலுக்கென்று அப்படியொரு பழைய வீட்டை நான் காணவில்லை. யாழ் நகரத்திலும் தட்டாரும் கன்னாரும் தட்டாதெரு, கன்னாதிட்டி என்று பெயர்களில்தான் தங்கியிருக்கிறார்கள்.

மாமியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடம் தாண்டி இணுவிலுக்கு மிதித்தேன். தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் தகப்பன் விஸ்வலிங்கத்தின் ஊர். ஒழுங்கைக்குள் திரும்பியதுமே தவில் கேட்டது. படலைக்கு அப்பால், திண்ணையில் ஒரு பொடியன். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் பூவரசங்கழி. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி அடிக்கிறான். பிழைத்த இடத்தில் உள்ளேயிருந்து ஒரு இருமல் வருகிறது. மறுபடி முதலிலிருந்து. பெயர்ப்பலகை இல்லாத பள்ளிக்கூடம்.

இணுவில் கந்தசுவாமி கோயிலில் மஞ்சம் என்னும் மரத்தேர் நிற்கும் கொட்டகை பூட்டியிருந்தது. பெரிய சந்நியாசியார் முன்நின்று செய்வித்த பெருமஞ்சம் அது. கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். இருட்டுக்குள் அடுக்கடுக்காய் மரச்சிற்பங்கள். தச்சன், கொல்லன், சிற்பி, வர்ணம் தீட்டியவன் என்று எத்தனை கைகள்! ஒருவர் பெயரும் என் கண்ணில் படவில்லை.

வீதி கூட்டிக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்தார்.

"உதுக்குள்ளால என்ன தெரியும் தம்பி? தைப்பூசத்துக்கு வாரும். அது வெளியில வரும்."

அப்போதுதான் உறைத்தது. லிம்மாத் கரையில் வீடு நிற்கிறது, தச்சர்கள் போய்விட்டார்கள். இங்கே தச்சர் கட்டிய வீட்டுக்குச் சில்லு இருக்கிறது. வருடத்தில் ஒருநாள் அது வீதிக்கு வரும். முன்னால் தவில் போகும். அந்தப் பொடியனும் ஒருநாள் போவான். இழுக்க ஊர் வேண்டும். இழுக்க ஆளில்லாத வருடம் அதுவும் வெறும் மரம்தான்.

திரும்பும் வழியில் மச்சானுக்கு எழுதினேன்: "இருக்கடா. தைப்பூசத்துக்கு டிக்கெட் போடு. வடம் பிடிக்க ஆள் வேணும்."