அடைத்த யன்னல்கள்

1991ஆம் ஆண்டு மார்கழியில் நாங்கள் ஈஸ்ட் ஹாமில், ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் எட்டுப் பேர் குடியிருந்தோம். குளிருக்குப் பயந்து யன்னல் இடுக்குகளை ரேப் போட்டு ஒட்டினோம். சுவரிலிருந்த காற்றுத் துவாரத்துக்குள் பழைய துணியைத் திணித்தோம். ஹீட்டருக்குப் போகும் காசு மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். சமையலும் அதற்குள்தான், துவைத்த உடுப்புக் காய்வதும் அதற்குள்தான். விடியற்காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழியும். சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். இலண்டன் வீடு இப்படித்தானாக்கும் என்று இருந்துவிட்டோம்.

தையில் தம்பிக்கு இருமல் தொடங்கியது. தடிமன்தானே என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். அவன் மெலிந்து, இரவில் வியர்த்து, சளியில் இரத்தம் கண்ட பிறகே வைத்தியசாலைக்குப் போனோம். கசம் என்றார்கள். வெளியில் தெரிந்தால் அறையை விட்டு எழுப்பிவிடுவார்கள், அகதி விண்ணப்பத்துக்கும் கேடு வரும் என்று பயந்து ஒருவருக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த தாதி முதலில் செய்த வேலை ரேப்பை உரித்து யன்னலைத் திறந்ததுதான். பிறகு எங்கள் எல்லோரையும் பரிசோதிக்க ஒழுங்கு செய்தார். அக்காவின் ஆறு வயது மகளுக்கும் கிருமி தொற்றியிருந்தது. அன்று நாங்கள் அழுத அழுகை கொஞ்சமல்ல. இருமும்போது வரும் கிருமி அடைத்த அறையில் மணிக்கணக்காக மிதக்கும், காற்று ஓடினால் கலைந்துவிடும் என்று அந்தத் தாதிதான் விளங்கப்படுத்தினார்.

இது புதிய அறிவல்ல. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே சென்ற் தோமஸ் வைத்தியசாலை 1871இல் திறக்கப்பட்டது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் கருத்துப்படி, தனித்தனிக் கட்டிடங்களாக, இரு பக்கமும் உயரமான யன்னல்கள் வைத்துக் கட்டினார்கள். கசக் கிருமியை ரொபேட் கொக் கண்டறிந்ததோ 1882இல்தான். ஊரில் எங்கள் அப்புமாரும் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டுத்தான் வீடு கட்டினார்கள். கொரோனா வந்த பின், 2021இல், இங்கிலாந்தின் அரச பள்ளிகளுக்குக் காபனீரொட்சைட்டை அளக்கும் கருவிகள் கொடுத்தார்கள். எங்கள் மூச்சில் வெளிவரும் வாயு அது. அளவு ஏறினால் அறைக் காற்றுப் பழசாகிவிட்டது என்று அர்த்தம்.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, யன்னல் சட்டத்தின் மேலுள்ள சிறு துவாரத்தை அடைக்காதீர்கள். காலையும் மாலையும் பத்து நிமிடமாவது எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். குசினியில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி இருந்தால் சமைக்கும்போது போடுங்கள். இருமல் மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் டொக்டரிடம் போங்கள். கசத்துக்கு இங்கே வைத்தியம் இலவசம். விசா எப்படியிருந்தாலும் இலவசம்.

தம்பி ஆறு மாதம் தவறாமல் மருந்து எடுத்துச் சுகமானான். பிள்ளையும் மருந்தோடு தப்பினாள். யன்னலையும் மூடினோம், வருத்தத்தையும் மூடி வைத்தோம். இரண்டும் நாங்கள் விட்ட பிழை. நீங்கள் விடவேண்டாம்.