தொட்டாற்சிணுங்கி

அழுகைக்குத் தமிழில் பெயர்கள் பல. நெஞ்சு நிறைந்து புடைத்து எழுவது விம்மல். வயிறு உப்பிக் கிடப்பதையும் மனம் கொதித்து அழுவதையும் ஒரே சொல்லால் உணர்த்துவது பொருமல். வாடி மெலிவதற்கும் விட்டுவிட்டு அழுவதற்கும் பொதுவாக நிற்பது தேம்பல். மூச்சு இழுபட்டுத் தொண்டையில் தட்டுவது கேவல். இவை யாவற்றுக்கும் பின்னால் ஒரு துக்கம் இருந்தே தீரும். சிணுங்கலுக்கு மட்டும் துக்கமும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும். இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை ஆகிய நான்கையும் அழுகைக்கு நிலைக்களன்களாக மெய்ப்பாட்டியலில் வகுத்த தொல்காப்பியரின் கணக்கில் இந்த மெல்லிய அழுகைக்கு இடம் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில், இது உரிமையிலிருந்து பிறப்பது, அன்னியர் முன்னிலையில் எந்தக் குழந்தையும் சிணுங்குவதில்லை.

சிணுங்கல் என்ற சொல்லின் மீது எனக்கு இத்தனை கவனம் விழக் காரணம் ஏற்காட்டுச் சாலையோரத்துச் செடி ஒன்றுதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏறி, காப்பித் தோட்டங்களின் வேலியை ஒட்டி நடக்கிற எவரும் அதை மிதிக்காமல் போக முடியாது. தரையோடு படர்ந்து, கொடியெங்கும் முள்ளும், இளஞ்சிவப்பில் பஞ்சுப்பொட்டுப் போன்ற பூவுமாகக் கிடக்கிற அதன் இலை நுனியை நான் விரலால் தொட்டபோது, எதிரெதிராக இருந்த சிற்றிலைகள் இணை இணையாக மேல்நோக்கி மூடிக்கொண்டே காம்பின் அடிவரை வந்தன; அதற்குப் பிறகு, சற்றே தயங்கி, காம்பு முழுவதும் தண்டோடு சேரும் மூட்டில் தளர்ந்து சாய்ந்தது. காப்பிப்பழக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "தொட்டீங்கன்னா சிணுங்கிக்கும்ங்க ஐயா, சித்த நேரம் தள்ளி நின்னீங்கன்னா அதுவே தேறிக்கும்" என்றார். அவர் சொன்னபடியே, கால் மணி நேரத்துக்குள் இலைகள் விரிந்துவிட்டன.

மூட்டின் திசுக்களில் நிறைந்திருக்கும் நீர் சட்டென்று வெளியேறுவதாலேயே காம்பு சாய்கிறது என்பதும், அந்நீர் மெல்லத் திரும்புகையில் நிமிர்கிறது என்பதும் தாவர சாஸ்திரம் கூறும் காரணம். ஜகதீச சந்திர போஸ் இந்தச் செடியின் அசைவுகளை நுட்பமான கருவிகளால் வரைந்து காட்டி, தாவரங்களுக்குள்ளும் உணர்ச்சித் துடிப்பு ஓடுகிறது என்று வாதாடினார். ஆனால் என் மனம் தொட்டாற்சிணுங்கி என்ற பெயரிலேயே நின்றுவிட்டது. இச்செடியின் பூர்வீகம் தென், மத்திய அமெரிக்கா. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி, காப்பி என்ற பெயரோடே இருக்கிறது. அதற்கு நிழல் தருவதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்தைத் தோட்டத்தில் எல்லாரும் சில்வர் ஓக் என்றே சொல்கிறார்கள். செல்வாக்கோடு வந்த இவை பிறந்த ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்க, யாரும் கேளாமல் வந்து முளைத்த களைக்கு மட்டும் இத்தனை அந்தரங்கமான தமிழ்ப் பெயர் எவ்வாறு வாய்த்தது?

முதலில் சொல்லின் வேரைத் தேடினேன். 'காய்ச்சலில் பிள்ளை சுணங்கிப் போயிற்று' என்கிறோமே, அந்தச் சுணங்கலும் சிணுங்கலும் உடன்பிறப்புகள் என்றால், சுருங்கிச் சோரும் செடிக்கு அப்பெயர் வந்தது எளிதில் விளங்கிவிடும். இந்த யோசனை முதலில் எனக்கு இனிப்பாகவே இருந்தது; ஆயினும் ஒலி இடம் கொடுக்கவில்லை. பிள்ளை புள்ளையாவதும், பிடி புடியாவதும் பகரத்தின் இதழ்த் தொழிலால் நிகழ்பவை. இதழைத் தீண்டாத சகரத்தின் மேல் அந்த நியாயத்தை ஏற்றுவது பலாத்காரம். சிணுங்கு என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ணகரமும் ஙகரமும் மூக்குக்குள்ளேயே ஒலிக்கின்றன, வாய் முழுதும் திறப்பதே இல்லை. முனகு, அனுங்கு ஆகியவற்றைப் போல, இது ஓசையிலிருந்தே பிறந்த சொல் என்பது என் அபிப்பிராயம். விடாமல் பெய்கிற மெல்லிய தூறலையும் 'மழை சிணுங்குகிறது' என்று சொல்லும் வழக்கம் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது.

அப்படியானால், சத்தமே போடாத செடிக்கு ஓசைப் பெயர் ஏன்? இங்கே அண்டை மொழியான கேரளத்து மலையாளம் கைகொடுத்தது. குழந்தை சிணுங்குவதற்கு அங்கேயும் 'சிணுங்ஙுக' என்ற சொல் உண்டு. ஆனால் செடிக்கு அதை வைக்காமல் 'தொட்டாவாடி' என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரோ செடியைவிட மூத்தது! கொச்சியில் டச்சுக்காரரின் அதிகாரியாக இருந்த வான் ரீட் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான 12 பெரிய தொகுதிகளில் மலபாரின் மூலிகைகளைப் படங்களோடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' என்ற நூலில், தொட்டாவாடி என்ற தலைப்பின் கீழ் இருப்பது இந்த முட்கொடியன்று. ஒற்றைத் தண்டின் உச்சியில் குடைபோல் இலை விரித்து, மஞ்சள் பூவோடு ஈர நிழலில் நிற்கிற, சாண் உயரம்கூட இல்லாத நம் நாட்டுச் செடி. மலையாளத்தில் முக்குற்றி என்று போற்றப்படும் அதுவும் தொட்டால் இலை மடக்கும். கடல் கடந்து வந்த புதியது, இங்கே ஏற்கெனவே இருந்த சுதேசிச் செடியின் பெயரைச் சுவீகரித்துக்கொண்டது. தொட்டாற்சுருங்கி, தொட்டால்வாடி என்று தமிழிலும் வழங்கும் பெயர்கள் அந்தப் பழைய வரிசையையே சேர்ந்தவை என்று கொள்கிறேன்.

சிணுங்கி என்பது மட்டும் அந்த வரிசைக்குள் தனித்து நிற்கிறது. வடமொழியில் இதை லஜ்ஜாலு என்றார்கள். லின்னேயஸ் 1753-ல் சூட்டிய லத்தீன் பெயரின் பொருளும் நாணமுடையது என்பதுதான். சுருங்கி என்றால் கண்ணுக்குத் தெரிந்ததோடு நின்றுவிடுகிறது. வாடி என்றால் பொய்யாகவே போகிறது, ஏனென்றால் வாடிய இலை இத்தனை எளிதில் நிமிர்வதில்லை. தொட்டவுடன் தளர்ந்து, தொட்டவர் விலகியதும் தானே தேறிக்கொள்ளும் சுபாவம் சிணுங்கும் பிள்ளைக்கு உரியது. அதைக் கண்டு பெயர் வைத்தவர் பண்டிதராக இருந்திருக்கமாட்டார், இடுப்பில் பிள்ளையோடு வரப்பில் நடந்த ஒரு தாயாகவே இருந்திருப்பார் என்று நம்புகிறேன். இந்தச் சுபாவத்தை விஞ்ஞானமும் சோதித்திருக்கிறது: 2014-ல் மோனிகா கலியானோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், இந்தச் செடியைத் தொட்டியோடு 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, சேதம் நேராதபடி, திரும்பத் திரும்ப விழச் செய்தார்கள். முதலில் மூடிக்கொண்ட இலைகள், தீங்கு ஏதும் வரவில்லை என்று கண்டபின் மூடுவதை நிறுத்திவிட்டன. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஏற்காட்டுப் பெண்மணியிடம் இதைச் சொன்னபோது அவர் சிறிதும் வியக்கவில்லை. "கண்டுக்காம விட்டா எந்தப் பிள்ளைங்க சிணுங்கும்?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.