மோல்ரன் தோற்ற கதை

பிரம்ரன் நகரின் நடுவே 1867இல் திறந்த பழைய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம். அது மோல்ரனில் எழும்பியிருக்கலாம். பீல் கவுண்டி யோர்க்கிலிருந்து பிரிந்தபோது, தலைநகர் எது என்று இரண்டு ஊர்களும் மல்லுக்கட்டின. ஊர்க் கௌரவம் என்று சிரிக்கலாம்தான். ஆனால் நீதிமன்றமும் சிறையும் வருகிற இடத்துக்கே வழக்கறிஞர், விடுதி, கடை எல்லாம் வரும். அதுவரை வழக்கென்றால் கமக்காரன் ரொறன்ரோவுக்கு வரவேண்டும்.

தோற்ற மோல்ரனுக்குப் பிறகு விமான நிலையம் வாய்த்தது. நாங்கள் வந்திறங்கிய பியர்சனின் பழைய பெயர் மோல்ரன் விமான நிலையம்.

எனக்கு அந்தச் சண்டை விளங்கும். நான் கிளிநொச்சிப் பிள்ளை. 1984இல் தனி மாவட்டமாகும்வரை எங்களுக்குக் கச்சேரி யாழ்ப்பாணத்தில். காணி அலுவலென்றால் ஐயா விடிய முதல் பஸ் ஏறுவார். ஆனையிறவு தாண்டி 60 கிலோமீற்றருக்கு மேல். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் வயல்வேலை போய்விடும். திரும்பிவர விளக்கு வைத்துவிடும்.

மாவட்டம் பிரிந்தது யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணம் சிறுத்துப் போச்சுதாம். ஐயா அவர்களோடு வாதாடவில்லை. புதுக் கச்சேரிக்குச் சைக்கிளில் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்.