வெளியில் காயும் வெள்ளை

மட்டாஞ்சேரிக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் சுவர்களைத்தான் எடுக்கிறார்கள். காரை உதிர்ந்த சுவர், அதில் படர்ந்த பாசி, பக்கத்தில் ஒரு பூனை. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி முசிரிஸ் பினாலே தொடங்கியது. அதன் பிறகு பழைய கிட்டங்கிச் சுவர்களில் ஓவியங்களும் ஏறிவிட்டன. இப்போது அந்த ஓவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தப்பில்லை. ஆனால் சுக்கும் மிளகும் மணக்கும் பஜார் ரோட்டில் நடந்தபோது எனக்குச் சுவர்மீது மனம் போகவில்லை. சுவர் எங்கும் ஓடிவிடாது. சுவருக்கு உள்ளே யாரோ ஒருவர் கையால் செய்துகொண்டிருக்கும் வேலை இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்பதுதான் சந்தேகம்.

யூதத் தெருவில் சாரா கோஹனின் பூவேலைக் கடை அதற்கு ஓர் உதாரணம். கிப்பா என்ற சின்னத் தொப்பி, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி என்று கையால் தைத்து விற்ற கடை. சாரா 2019 ஆகஸ்டில் தம் 96ஆவது வயதில் காலமானார். அவருடைய கடைசி வருஷங்களில் துணையாக இருந்து, கடையையும் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம். பையனாக இருந்தபோது அதே தெருவில் தபால் அட்டை விற்றவர். ஒரு முஸ்லிம் யூதத் தொப்பி தைக்கிறார் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் வியந்து எழுதிவிட்டன. எனக்கு அந்த வியப்பைவிட, ஒரு தையலை ஒருவர் இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதே பெரிதாகப்பட்டது. அதற்கு நாளாகும், நட்பு வேண்டும்.

கடற்கரையில் சீனவலைகளை யாரும் விடுவதில்லை. நான்கைந்து பேர் கூடி இழுக்க, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கற்கள் எடைக்கு எடையாக இறங்க, வலை மேலே எழும்பும். சாயங்காலச் சூரியன் அதற்குள் விழும். அந்தப் படம் உலகத்தில் போதுமான அளவு இருக்கிறது. நான் ஆட்டோ பிடித்து, ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதிக்குப் போனேன். அங்கேதான் தோபி கானா இருக்கிறது.

வாசலைத் தாண்டியதும் முதலில் காதில் விழுந்தது கல்லில் துணி அடிக்கும் சத்தம், அடுத்தது தமிழ்.

இங்கே வேலை செய்கிறவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர்கள் 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். அந்த இடைக்காலத்தில் படையாட்களின் சீருடையை வெளுப்பதற்காகக் கூட்டிவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் தாங்கள் என்று இவர்கள் சொல்கிறார்கள். கோட்டை, பீரங்கி, மிளகு மூட்டைக் கணக்கு என்று அந்தக் காலத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். வெயிலில் வியர்த்த அந்தச் சட்டைகளை யார் துவைத்தது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. சென்னை வண்ணாரப்பேட்டை உருவான கதையும் இதற்கு உறவுதான்: ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுக்க ஆட்கள் வேண்டியிருந்தது, அவர்கள் குடியேறிய இடத்துக்கு அவர்கள் பெயரே நிலைத்தது.

முன்பெல்லாம் இங்குள்ள குளங்களில் வெளுத்தார்களாம். 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இந்தத் தோபி கானாவைக் கட்டிக்கொடுத்தது. 40 தடுப்புகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும். பின்னால் துணி காயப்போடத் திறந்த வெளி. பக்கத்தில் இஸ்திரி போடும் கொட்டகை. வண்ணார் சங்கம்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது.

தடுப்பு ஒன்றில் எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர் இடுப்பளவு நனைந்து நின்றுகொண்டிருந்தார். என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"போட்டோவா? எடுத்துக்கோங்க. மூஞ்சிய வேண்டாம், கைய எடுங்க. மூஞ்சிய எல்லாரும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"சரிங்கய்யா. என்ன செய்றீங்கன்னு சொல்லிக்கிட்டே செய்வீங்களா?"

"சொல்லலாமே. வேலை நிக்காது, வாயி சும்மாதானே இருக்கு."

அன்று நான் எடுத்த படங்களில் பாதி அவருடைய கைதான்.

ஓட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி, வீட்டுத் துணி மூன்றும் தனித்தனி. ஒன்றோடொன்று சேராது. வந்த துணியைச் சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் ஊறப்போடுவதில்தான் பாதி வேலை முடிகிறது. காரம் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்துவிடும். எங்கள் ஊரில் இதே வேலைக்கு உவர்மண் இருந்தது. மண்ணில் தோய்த்த துணிகளைப் பானைமேல் அடுக்கி ஆவி காட்டினால் அதுதான் வெள்ளாவி. சோடா வந்ததும் பானை போய்விட்டது, தத்துவம் மாறவில்லை.

அடிப்பதைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். துணி காற்றில் வளைந்து எழும்பும், தண்ணீர் சிதறும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது பலம் காட்டுகிற வேலை என்று நினைத்தால் தவறு. துணியை மடிக்கும்போதே பித்தான்கள் உள்ளே போய்விடுகின்றன. கல்லுக்கும் துணிக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறபடி, சாய்வாக இறக்குகிறார். அடியைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அழுக்கைத் துணியிலிருந்து பிதுக்கித் தள்ளுகிறது. "பித்தான் உடையாம அடிக்கத் தெரியணும். அது வர்றதுக்கே எனக்கு ஒரு மழைக்காலம் ஆச்சு" என்றார்.

பிறகு அலசல், பிறகு நீலம். இங்கே நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு யோசிக்க வேண்டியதாயிற்று. பழகிய வெள்ளைத் துணி மெல்ல மஞ்சளாகும். அந்த மஞ்சளை யாராலும் முழுக்க எடுக்க முடியாது. சொட்டு நீலம் கலந்த தண்ணீரில் முக்கினால், நீலம் மஞ்சளை மட்டுப்படுத்தி, கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறது. கேமராவுக்கும் இதே தகராறு உண்டு. வெயிலில் காயும் வெள்ளை வேட்டிகளை அதன் போக்கில் எடுத்தால், அது எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படத்தில் வேட்டி அழுக்காக வரும். நாமே வெளிச்சத்தை ஒரு படி ஏற்றிக் கொடுத்தால்தான் வெள்ளை வெள்ளையாகும். இதைப் பெரியவரிடம் சொன்னேன். திரையில் இரண்டு படத்தையும் பார்த்தார். முதல் படத்தைக் காட்டி, "இதுக்கு நீலம் பத்தலை" என்றார். நான் படித்த எந்தப் புகைப்படப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நீலத்துக்குப் பின் கஞ்சி. அரிசிக் கஞ்சியை வடித்து, தண்ணீர் விட்டு இளக்கி, பருத்தித் துணியை அதில் தோய்த்தெடுக்கிறார்கள். விறைப்புக்காக மட்டும் அல்ல. நூலின்மேல் கஞ்சி மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் தெருப்புழுதியும் வியர்வையும் பூச்சில்தான் ஒட்டும். அடுத்த சலவையில் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். கஞ்சி போட்ட சட்டையை மிடுக்குக்காரர்களின் ஆடம்பரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது துவைக்கிறவர் தமக்காகச் செய்துகொள்ளும் முன்னேற்பாடும்தான்.

இனி, கயிறு. தோபி கானாவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கம்பங்களுக்கு நடுவே ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டைக் கயிறுகள் வரிசையாக ஓடுகின்றன. எங்கேயும் கிளிப் கிடையாது. பெரியவர் சட்டையின் நுனியை இரண்டு புரிகளுக்கு நடுவில் விரலால் திணிக்கிறார், அடுத்த நுனியைச் சாண் தூரத்தில் திணிக்கிறார், நகர்ந்துவிடுகிறார். கடற்காற்று எவ்வளவு இழுத்தாலும் கயிறு விடுவதில்லை. காய்ந்தபின் அவர் ஒரே இழுப்பில் உருவுகிறார். அப்போது மட்டும் விட்டுவிடுகிறது. துருக்கறையும் இல்லை, கிளிப் வாங்கும் செலவும் இல்லை. ஒரு விரல், இரண்டு புரி, வெள்ளைத் துணியின் ஒரு மூலை: அந்தப் படத்தைத்தான் ஊருக்கு வந்ததும் பெரிதாக அச்சடித்து மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன இது என்று கேட்கிறார்கள், நானும் அலுக்காமல் கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

காய்ந்த துணியை உருவியதும் அவர் அதை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஈரம் இருக்கான்னு பாக்குறீங்களா?"

"அதுக்கும்தான்." கொஞ்சம் சிரித்தார். "வெயில் வாசம் எனக்குப் பிடிக்கும். இத்தனை வருஷமாச்சு, இன்னும் பிடிக்குது."

சந்தோஷத்துக்கு நேரம் ஒதுக்குவது எப்படி என்று இப்போது புத்தகம் போட்டு விற்கிறார்கள். இவர் வேலைக்கு நடுவிலேயே அதை வைத்திருக்கிறார், தனியாக ஒதுக்கவில்லை.

இஸ்திரிக் கொட்டகையில் சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருந்தது. பெட்டி ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோ இருக்கும். கரியை நிரப்பி, சாம்பலை ஊதித் தட்டி, ஈரத் துணியில் ஒரு தரம் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் வேட்டியைத் தொடுகிறார்கள். ஒரு பொறி பறந்தால் கூலியோடு துணியின் விலையும் போகும். கசவு முண்டு தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, சரிகைப் பக்கத்தைத் திருப்பிப்போட்டு உள்பக்கமாகத் தேய்த்தார். "ஓணம் வந்தா இந்தக் கொட்டகைல நிக்க இடம் இருக்காது தம்பி" என்றார். அவர் தமிழில் மலையாளத்தின் இழுவை இருந்தது. வாடிக்கையாளர் வந்தால் முழு மலையாளம், என்னிடம் தமிழ், பேத்தியிடம் இரண்டும் கலந்து.

இதை அழகாக மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வண்ணார் தொழில் என்பது சாதி கட்டிப்போட்ட சேவகம். பிறந்தால் தீட்டுத் துணி, இறந்தால் பிணத்துணி. கூலியாக வீடுவீடாகப் போய் வாங்கும் சோறு. 1994இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலைப் படித்தவர்களுக்கு, கல்லில் துணி அடிபடும் சத்தம் வெறும் தாளமாகக் கேட்காது. இந்த வெளிப் பகுதியில் நிலைமை வேறு. இங்கே துணிக்கு இவ்வளவு என்று கூலி, கணக்குக்கு நோட்டு, பேசச் சங்கம். வாசலில் நிற்பவர் வாடிக்கையாளர், எஜமான் அல்ல. இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனாலும் தொழில் பிறப்பின் வழியாகவே வந்திருக்கிறது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். கல்லில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். கலை அழிகிறதே என்று புலம்பும் வழக்கம் நம்மைப் போன்ற எழுதுகிறவர்களுக்கு உண்டு. நான் புலம்பப் போவதில்லை. போகிறவர்கள் நன்றாகப் போகட்டும். இருக்கிறவர்களுக்கு உரிய கூலி கிடைக்கட்டும்.

அதற்குத்தான் வழி சுருங்குகிறது. வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொச்சியில் பெய்யும் மழை வேறு. துணி காயாமல் நாள் இழுக்கும், கூலியும் இழுக்கும். 2020இல் கொரோனா வந்து ஓட்டல்களும் ஹோம்ஸ்டேக்களும் மூடிக் கிடந்தபோது, வெள்ளை விரிப்புகளை நம்பியிருந்த இவர்களுக்கு வேலையே இல்லை. பிறகு பயணிகள் வந்தார்கள். அவர்களில் பலர் தோபி கானாவுக்கும் வருகிறார்கள், சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போய்விடுகிறார்கள். பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "துணி கொடுத்தா நல்லா இருக்கும்" என்றார், அவ்வளவுதான்.

முந்தின நாள் மட்டாஞ்சேரியில் நடந்து வியர்த்துப்போன ஒரு பருத்திச் சட்டை என் பையில் இருந்தது. கொடுத்தேன். காலரின் உட்புறத்தில் சின்னதாக ஓர் அடையாளம் போட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் இந்தக் குறியைச் சேங்கொட்டைச் சாற்றால் போடுவார்கள். எத்தனை சலவையிலும் போகாத கறுப்பு, தோலில் பட்டால் புண்ணாகும். மறுநாள் போய் வாங்கியபோது சட்டை கடையில் எடுத்த அன்று இருந்ததைவிட நன்றாக இருந்தது. கஞ்சி கொஞ்சம் அதிகமோ என்று பட்டது, சொல்லவில்லை.

கொச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிக்கு வெயில் ஏறுகிற காலை நேரத்தில் போங்கள், கயிறுகள் நிறைந்திருக்கும். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு வேலை தொடங்கி முடியும்வரை ஒரே இடத்தில் நின்று பாருங்கள். கேமராவோடு நாலு அழுக்குத் துணியும் எடுத்துப்போய் வெளுக்கப் போடுங்கள். சொல்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.